பழம்பேர் தவிர்த்து

கொள்ளிடத்தின் வடகரையில், லால்குடிக்குப் பக்கத்தில் உள்ள அன்பில் என்ற ஊரின் பெயரால் வழங்கும் செப்பேடு ஒன்று உண்டு. சுந்தரசோழனின் நான்காம் ஆட்சியாண்டில், அதாவது 961 வாக்கில், அவனுடைய அமைச்சர் அநிருத்தப் பிரமாதிராயருக்குப் பத்து வேலி நிலம் வழங்கப்பட்டதை அது சொல்கிறது. அநிருத்தர் வீட்டார் தலைமுறை தலைமுறையாக அரங்கநாதருக்கு ஆட்பட்டவர்கள். து. அ. கோபிநாத ராவ் பதிப்பித்த நாளிலிருந்து இந்தச் செப்பேட்டைச் சோழர் வம்சாவளிக்காகத்தான் பலரும் புரட்டுகிறார்கள். மாதவ பட்டர் இயற்றிய வடமொழிப் பகுதிதான் மேற்கோள்களில் அதிகம் வருகிறது. தமிழ்ப் பகுதி உலர்ந்த பத்திரநடை என்று ஒதுங்கிவிடுகிறது. ஆனால் அந்த உலர்ந்த நடையில்தான் சோழ நாட்டின் உண்மையான சாமர்த்தியம் தெரிகிறது. மண்மேடு எழுப்பிக் கள்ளி நட்டு எல்லை குறித்தார்கள். அந்த எல்லைக்குள் மேல்நோக்கிய மரம், கீழ்நோக்கிய கிணறு, புற்று, கன்று மேயும் பொட்டல், ஆற்றுப் படுகை, தேனடை தொங்கும் பிளவு என எல்லாவற்றையும் அடுக்கினார்கள். கடைசியில் உடும்பு ஓடி ஆமை தவழும் இடம் எதுவும் விடுபடவில்லை என்று முடித்தார்கள். இதில் கவித்துவம் தேட வேண்டியதில்லை. ஒரு சொத்து ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போகும்போது எதுவும் இடுக்கில் நழுவிவிடக்கூடாது என்ற கணக்கனின் கவலை இது. ஒரு பதிவை மாற்றுவதில் என்னென்ன ஆபத்து உண்டு என்பதைத் திருச்சி வட்டாரத்து ஓலைக்காரர்கள் நுட்பமாக அறிந்திருந்தார்கள் என்பதே என் வாதம். இன்று சி என்ற நிரல்மொழியில் எழுதிய ஒரு பேட்ச்சை, அதாவது நிரலில் செய்யும் திருத்தத்தை, பரிசீலிப்பவர் கேட்கிற கேள்விகளும் ஏறக்குறைய அவையே.

திருச்சிக்கு வெளியே என்றாலும், அதே சோழ அரசின் நடைமுறை முழுவதையும் விரிவாகக் காட்டுவது, லெய்டன் செப்பேடு எனப்படும் ஆனைமங்கலச் சாசனம். நாகப்பட்டினத்துச் சூடாமணிவர்ம விகாரத்துக்கு ஆனைமங்கலத்தைத் தருவதாக முதலாம் இராசராசன் தன் 21-ஆம் ஆட்சியாண்டின் 92-ஆம் நாளில் வாய்மொழியாக ஆணையிட்டான். அரசன் சொன்னதும் ஊர் கைமாறிவிடவில்லை. கேட்டவர் ஒருவர், ஓலையில் எழுதியவர் இன்னொருவர், எழுதியது சரியென்று ஒப்பிட்டவர்கள் வேறு சிலர். திருமந்திர ஓலைநாயகம் என்ற தலைமைச் செயலர்கள் ஒப்புக் கொடுத்த பிறகு அது புரவுவரித் திணைக்களம் என்ற வரித்துறைக்குப் போயிற்று. 96-ஆம் நாளில் அங்குள்ளோர் கூடியிருந்து வரிப்பொத்தகத்தில் ஏற்றினார்கள். நிலம் 97 வேலிக்குச் சற்று மேல், அதற்குரிய வரி 8943 கலம், இரு தூணி, ஒரு குறுணி, மூன்று நாழி நெல் என்று நாழி வரை கணக்கு வந்தது. பிறகு ஓலை நாட்டாரிடம் வந்தது. அவர்கள் எதிர்கொண்டு வாங்கித் தலைமேல் வைத்து, பிடியானையோடு எல்லை சுற்றி வந்து, கல்லும் கள்ளியும் நாட்டி, அறவோலை எழுதிக் கொடுத்தார்கள். அந்த அறவோலையின் தேதி 23-ஆம் ஆண்டின் 163-ஆம் நாள். ஆணைக்கும் நிறைவுக்கும் நடுவே இரண்டு ஆண்டுக்கு மேல் இடைவெளி. செம்பில் நிலைபெறச் செய்தவன் மகன் இராசேந்திரன், தந்தை மறைந்த பிறகு. அதாவது ஓலை, பொத்தகம், எல்லைக்கல், அறவோலை, செம்பு என்று இளகியதிலிருந்து இறுகியதை நோக்கி ஒவ்வொரு படியாகப் பதிவு நகர்ந்தது. முந்தைய படி முடியாமல் அடுத்த படி தொடங்கவில்லை.

இத்தனை படிகள் எதற்கு? அரச ஆடம்பரம் என்று சொல்லிக் கடந்துவிடலாம். ஆனால் பத்திரச் சொற்களை ஊன்றிப் பார்த்தால் இரண்டு பயங்கள் தெரியும். முதலாவது, பாதியில் நின்றுபோன மாற்றம். வரிப்பொத்தகத்தில் பெயர் மாறி, களத்தில் எல்லை மாறாவிட்டால் ஒரே வயலுக்கு இரண்டு பேர் வரி தண்டுவார்கள். களத்தில் மாறி, பொத்தகத்தில் மாறாவிட்டால் யாருமே தண்டமாட்டார்கள். இரண்டாவது, பழைய உரிமை ஒழியாமல் புதியது ஏறுவது. அதனால்தான் சாசனங்களில் ‘பழம்பேர் தவிர்த்து’ என்ற தொடரும், ‘குடிநீக்கி’ என்ற சொல்லும் வருகின்றன. முன்பு உழுதவனின் உரிமையையும் நீக்கிக் கொடுப்பது குடிநீக்கிய தேவதானம். மேல்வாரம் மட்டும் கோயிலுக்குப் போய், உழுபவன் உழுதபடியே இருந்தால் அது குடிநீங்காத் தேவதானம். நிலம் ஒன்றுதான், ஆனால் அதன்மேல் எத்தனை பேர் கை வைத்திருக்கிறார்கள், அதில் எந்தக் கை எடுபட வேண்டும், எது இருக்க வேண்டும் என்பதை ஒற்றைச் சொல்லில் பிரித்துச் சொல்லும் மரபு இது. நான்கெல்லை சொல்லும் வழக்கமும் இதோடு சேர்ந்தது. கீழ்பாற்கெல்லை இன்ன வாய்க்காலுக்கு மேற்கு, தென்பாற்கெல்லை இன்னார் நிலத்துக்கு வடக்கு என்று எழுதும்போது, கொடுக்கும் நிலத்தோடு கொடுக்காத அண்டை நிலமும் பதிவுக்குள் வந்துவிடுகிறது. மாற்றத்தைச் சரிபார்க்க வேண்டுமானால் மாறாததும் கண்ணில் பட வேண்டும் அல்லவா?

இப்போது சி மொழிக்கு வருவோம். டென்னிஸ் ரிச்சி 1970-களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் உருவாக்கிய இந்த மொழி, நினைவகத்தை வயல் மாதிரி அளந்து கொடுக்கும். மாலக் என்று கேட்டால் இடம் கிடைக்கும், ஃப்ரீ என்று சொன்னால் இடம் திரும்பிப் போகும். நடுவில் யார் உழுகிறார் என்பதை மொழி நினைவில் வைத்துக்கொள்ளாது. திருப்பிக் கொடுக்க மறந்தால் இடம் தரிசாகக் கிடக்கும், நாளடைவில் நிரல் மூச்சு முட்டி நிற்கும். அதைத்தான் மெமரி லீக் என்கிறார்கள். திருப்பிக் கொடுத்த பிறகும் பழைய முகவரியைக் கையில் வைத்திருந்தால், அந்த வயல் வேறொருவருக்குப் போன பிறகு முன்னவர் வந்து ஏர் பூட்டுவது போல் ஆகும். ஒரே இடத்தை இரண்டு முறை திருப்பிக் கொடுத்தால் பொத்தகமே கெட்டுவிடும். தரவுத்தளத்தின் டிரான்ஸாக்ஷன் என்பது மற்றொரு பயத்துக்கு விடை. ஒரு கணக்கில் கழித்து இன்னொன்றில் கூட்டுவது முழுவதும் நடக்க வேண்டும், இல்லையேல் நடக்காதது போல ஆக வேண்டும். சி மொழியில் எழுதப்பட்ட போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் இந்த இரண்டும் பிணைந்தே இருக்கின்றன. அங்கே நினைவகத்தைத் தொகுதி தொகுதியாக ஒதுக்குகிறார்கள். அவற்றில் சில தொகுதிகளின் ஆயுள் ஒரு டிரான்ஸாக்ஷனின் ஆயுள்தான், அது நிறைவேறினாலும் முறிந்தாலும் அந்தத் தொகுதி ஒட்டுமொத்தமாக விடுவிக்கப்படும். அதன் 2001-ஆம் ஆண்டின் 7.1 பதிப்பில், தரவுப் பக்கத்தை வட்டில் மாற்றுமுன் மாற்றத்தின் குறிப்பைத் தனி ஏட்டில் எழுதியாக வேண்டும் என்ற விதி வந்தது. ஓலை முன்னே, கல் பின்னே.

ஒரு பேட்ச்சின் வடிவமே சாசனத்தை நினைவூட்டுகிறது. நீக்கிய வரிகளுக்குக் கழித்தல் குறி, சேர்த்த வரிகளுக்குக் கூட்டல் குறி, மேலும் கீழும் மாறாத மூன்று மூன்று வரிகள். பழம்பேர், புதுப்பேர், எல்லை. ரிவ்யூ செய்பவர் அதில் தேடுவதும் எழுத்துப் பிழையை அல்ல. இந்த வரியில் தவறு நேர்ந்து நிரல் பாதியில் வெளியேறினால் என்ன மிஞ்சும்? இந்த இடத்தை விடுவிக்கும் கடமை அழைத்தவருடையதா, அழைக்கப்பட்டவருடையதா? முகவரி மட்டும் கடனுக்குப் போகிறதா, உடைமையும் சேர்ந்தே போகிறதா? குடிநீக்கியா, குடிநீங்காவா என்று கேட்டவர்களுக்கு இந்தக் கேள்விகள் அந்நியமாக இருந்திருக்காது. எழுதியவர் திறமைசாலி என்பது இவற்றுக்குப் பதிலாகாது. திருமந்திர ஓலை எழுதியவரும் திறமைசாலிதான். ஆனாலும் அவர் எழுதியதை வேறொருவர் ஒப்பிட்டார்.

இது வலிந்து பொருத்திய உவமை என்று ஒரு மறுப்பு எழலாம். இன்றைய சொல்லைப் பழைய கல்லின்மேல் ஒட்டுவது நம்மிடையே நெடுநாள் வியாதி. விமானம் முதல் அணுவரை எல்லாம் முன்னோர் கண்டதே என்பார்கள். அந்த வியாதி எனக்கு வேண்டாம். சோழர் கணினிக்கு முன்னோடி என்று நான் சொல்லவில்லை. அவர்களுடைய ஓலைநாயகத்துக்கும் போஸ்ட்கிரெஸ் பரிசீலகருக்கும் நடுவே எந்தக் குருபரம்பரையும் இல்லை. ஆனால் உறவு எதிர்த்திசையில் உண்மையாகவே இருக்கிறது. தரவுத்தள டிரான்ஸாக்ஷன் என்ற கருத்தைச் செதுக்கிய ஜிம் கிரே, 1981-இல் எழுதிய கட்டுரையில் அது ஒப்பந்தச் சட்டத்திலிருந்து வந்தது என்று சொன்னார். ஆண்ட்ரியாஸ் ராய்ட்டருடன் சேர்ந்து 1993-இல் அவர் வெளியிட்ட பெரும் நூல், சுமேரியர் எழுத்தைக் கண்டுபிடித்ததே பரிவர்த்தனைகளைப் பதிவு செய்யத்தான் என்ற கருத்தோடு தொடங்குகிறது. கணினிக்காரர்கள் பத்திர எழுத்தரிடமிருந்து கடன் வாங்கியதாக அவர்களே ஒப்புக்கொண்ட பிறகு, பத்திர எழுத்தர் மரபு மிகத் தழைத்திருந்த ஒரு நிலப்பரப்பைப் பார்த்து அந்தக் கடனின் கனத்தை அளப்பது உவமை விளையாட்டு ஆகாது. கருவி வேறு, ஆனால் இக்கட்டு ஒன்றே. பலர் தொடும் ஒரு பதிவை, யாரும் முழுதாகக் காண முடியாத ஒரு பதிவை, குழப்பமின்றி மாற்றுவது எப்படி?

பதிவு மாறும்போது மட்டுமல்ல, அது ஏறியிருக்கும் பரப்பு மாறும்போதும் ஆபத்து உண்டு. இதற்குச் சான்று கொள்ளிடக் கரையிலேயே, முன்பு திருச்சி மாவட்டத்திலிருந்து இன்று அரியலூர் மாவட்டத்தில் சேர்ந்த திருமழபாடியில் இருக்கிறது. அங்குள்ள சிவன் கோயில் விமானத்தை இடித்துக் கட்ட இராசராசன் தன் 28-ஆம் ஆண்டில் ஆணையிட்டான். இடிக்குமுன் சுவர்களில் உள்ள கல்வெட்டுகளைப் பொத்தகத்தில் படியெடுக்க வேண்டும் என்பது ஆணையின் ஒரு பகுதி. இராசேந்திரனின் 14-ஆம் ஆண்டில், 1026 வாக்கில், அவை புதுச்சுவரில் மீண்டும் வெட்டப்பட்டன. நடுவில் சுமார் பதினான்கு ஆண்டுகள் பல தலைமுறைக் கொடைகள் ஒரு பொத்தகத்தில் மட்டும் உயிர் வாழ்ந்தன. இடிக்கும் கல்லில் இருப்பது யாருடைய உரிமை என்று பாராமல் இடிப்பதுதான் சி மொழியில் மிகச் சாதாரணமாக நடக்கும் விபத்து. திருமழபாடிக்காரர்கள் முதலில் படியெடுத்தார்கள், பிறகு இடித்தார்கள், அதன்பின் மறுபடி வெட்டினார்கள். இந்த வரிசை மாறியிருந்தால் கோயில் புதிதாகியிருக்கும், கொடைகள் அழிந்திருக்கும்.

திட்டமிட்டு இடிப்பது ஒன்று, எதிர்பாராமல் இடிவது வேறு. 1311-இல் மாலிக் காபூரும் 1323-இல் உலூக் கானும் படையெடுத்து வந்தபோது திருவரங்கம் கண்டது இரண்டாவது வகை. உற்சவர் ஊரைவிட்டு வெளியேறி, விஜயநகரத்துக் கோபணாரியரால் திரும்ப எழுந்தருளியதைத் திருவரங்கத்து வடமொழிக் கல்வெட்டு பதிவு செய்கிறது. அதில் ஆண்டு எண்ணாக இல்லை. ‘பந்துப்ரிய’ என்ற சொல்லாக இருக்கிறது. எழுத்துகளுக்கு எண்ணிட்டுத் திருப்பிப் படித்தால் சகம் 1293, அதாவது 1371 வரும். எண்ணை ஒருவர் திருத்திவிடலாம், செய்யுளின் யாப்புக்குள் அமர்ந்த சொல்லைத் திருத்தினால் ஓசையே காட்டிக்கொடுத்துவிடும். இழந்ததை மீட்கும் வேலை அதோடு முடியவும் இல்லை. போசள வீரராமநாதன் காலத்தில் நான்காம் பிரகாரத்தில் ஏற்பட்ட ஆரோக்கியசாலை படையெடுப்பில் அழிந்துபோய், கருடவாகன பட்டர் ஒருவரால் மீண்டும் எழுந்தது 1493-இல். பக்கத்தில் தன்வந்திரி சன்னதியும் வந்தது. அழிவுக்கும் மீட்புக்கும் நடுவே ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல். இந்த இடத்தில் கோயிலொழுகு என்ற திருவரங்கத்து வரலாற்று ஏட்டையும் சொல்ல வேண்டும். பல கைகள் பல காலத்தில் எழுதிய அந்த ஏட்டை வெ. நா. ஹரி ராவ் ஆராய்ந்து 1961-இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். அதைச் சுவர்க் கல்வெட்டுகளோடு வைத்துப் பார்த்தால் சில இடங்களில் ஒத்துப்போகிறது, சில இடங்களில் முரண்படுகிறது. எது பிந்தியது, எது நேர்ச்சாட்சி என்று எடைபோட முடிவதற்குக் காரணம், இரண்டு பதிவுகளும் தனித்தனியாகப் பிழைத்ததுதான். ஒன்று மட்டும் மிஞ்சியிருந்தால் அது சொன்னதே வரலாறு.

இன்னொரு மறுப்பு, தாமதம். ஒரு ஊரைக் கொடுக்க இரண்டு ஆண்டு என்றால் அது நிர்வாகமா, முடக்கமா? ரிவ்யூவில் மாதக்கணக்கில் கிடக்கும் பேட்ச்சைப் பற்றியும் இதே முணுமுணுப்பு உண்டு. முணுமுணுப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. காத்திருந்த விகாரத்துக்கு அந்த இரண்டு ஆண்டு வருவாய் சிறிதல்ல. ஆனால் தாமதம் வேறு, தெளிவின்மை வேறு. ஆனைமங்கலம் அந்த இரண்டு ஆண்டில் எந்த நாளிலும் எந்தப் படியில் நின்றது என்று சொல்லிவிட முடியும். ஆணை பிறந்த நாள், பொத்தகத்தில் ஏறிய நாள், அறவோலை எழுதிய நாள் எல்லாம் எண்ணோடு இருக்கின்றன. ஆயிரம் ஆண்டு கழித்து நாமே அந்த இடைவெளியைக் கணக்கிட முடிகிறது என்பதே அந்த முறைக்குச் சான்று. வேகமாக முடித்துவிட்டு எங்கே நிற்கிறோம் என்று தெரியாமல் தவிப்பதைவிட, மெதுவாக நடந்தாலும் நிற்கும் இடம் தெரிவது மேல்.

இதைவிடக் கடினமான மறுப்பைத் திருவரங்கமே எழுப்புகிறது. ஒப்பிடுபவர் பலர் இருந்தால் போதுமா? அவர்களே கூட்டுச் சேர்ந்தால்? மாறவர்மன் சுந்தரபாண்டியனின் ஒன்பதாம் ஆண்டில், 1225 வாக்கில் வெட்டிய கல்வெட்டு அப்படித்தான் நடந்தது என்கிறது. கோயில் நிர்வாகத்தில் இருந்த பத்துப் பேர் ஒட்டர் என்ற ஒட்டநாட்டாரோடு கைகோத்துக் கோயில் வருவாயைச் சீரழித்தார்கள். படிகள் எல்லாம் இருந்தன, ஒப்பிடுபவரும் எண்ணிக்கையில் குறையவில்லை. குறைந்தது அவர்கள் ஒருவரையொருவர் சாராதிருந்த நிலை. ஊர் கண்ட தீர்வு மேலும் நல்லவர்களைத் தேடுவதாக இல்லை. இந்தக் கோயிலின் பணியாளர் பத்துக் கொத்தாகப் பிரிந்தவர்கள். அந்த அமைப்பை உடையவர் இராமாநுசர் வகுத்ததாகக் கோயிலொழுகு சொல்கிறது. விண்ணப்பம் செய்வாரும், திருக்கரகக்கையாரும், தாசநம்பிகளும் வெவ்வேறு கைங்கரியமும் வெவ்வேறு வரும்படியும் உடையவர்கள். நிர்வாகிகளைக் கொத்துக்கு ஒருவராக, ஆண்டுக்கு ஒருமுறை தேர்ந்தெடுப்பது என்று முடிவாயிற்று. நலன் ஒன்றாகாதவர்களின் கண்களைக் கூட்டுவதும், ஒரே கண் நெடுநாள் பழகிப்போகாமல் பார்ப்பதும்தான் அந்தத் திருத்தத்தின் சாரம். என் வாதத்துக்கு இது இடறல் அல்ல, அதன் எல்லைக்கல். ஒரே குழுவில் ஒரே கெடுவுக்குள் ஒருவர் எழுதியதை மற்றவர் கண்ணை மூடி ஒப்புக்கொள்வது வழக்கமாகிவிட்டால், பேட்ச்சின் கீழ் எத்தனை பெயர் இருந்தாலும் அது ஒரே பெயர்தான்.

இன்னும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இந்த முறை காத்தது கணக்கை, நியாயத்தை அல்ல. குடிநீக்கிக் கொடுத்த ஊரில் நீக்கப்பட்ட குடி எங்கே போயிற்று என்று எந்தச் செப்பேடும் சொல்வதில்லை. பிடியானை சுற்றி வந்த எல்லைக்குள் உழுதவர்களில் பலருக்கு அந்த ஓலையைப் படிக்கவும் தெரிந்திராது, அதில் கையெழுத்திடும் தகுதியும் இருந்திராது. பிழையில்லாத பதிவு என்பது கொடுமை இல்லாத ஆட்சி என்று பொருள்படாது. அதேபோல ஒரு துளி நினைவகமும் கசியாத, ஒரு டிரான்ஸாக்ஷனும் பாதியில் நிற்காத மென்பொருள், தன் பயனாளருக்குத் தீங்கு செய்யும் வேலையையே குறையின்றிச் செய்துகொண்டிருக்கலாம். பரிசீலனை என்ற கைத்தொழிலிடம் அதற்கு மேல் கேட்டால் அது தாங்காது. ஆனால் அதன் பயனும் சிறிதல்ல. நீக்கப்பட்ட குடி இருந்தது என்றாவது நமக்குத் தெரிவது, ‘குடிநீக்கி’ என்று எழுதாமல் கொடுக்கக் கூடாது என்று அந்த எழுத்தர்கள் பிடிவாதமாக இருந்ததால்தான். எடுத்ததைச் சொல்லாமல் கொடுத்ததை மட்டும் சொல்லும் பதிவு, அநியாயத்தின் தடயத்தையும் சேர்த்தே அழித்துவிடும்.

ஆகவே அன்பிலின் அந்த நீண்ட பட்டியலைத் திரும்பப் படிக்கும்போது, அது தானத்தின் பெருமையைப் பாடுவதாக எனக்குத் தோன்றவில்லை. கொடுத்தவனும் வாங்கியவனும் எழுதியவனும் போன பிறகு, மூவரையும் அறியாத ஒருவர் அந்த வயலின் வரப்பில் நின்று, எது யாருடையது என்று கேட்பார் என எதிர்பார்த்து எழுதியது அது. அதனால்தான் மரத்தையும் புற்றையும் கிணற்றையும் விடாமல் எண்ணினார்கள். சி மொழிப் பேட்ச்சுக்கும் அதே வாசகர்தான் வருவார். எழுதியவர் வேறு வேலைக்குப் போய்விட்ட பிறகு, ஒரு இரவில் தரவுத்தளம் நின்றுபோனதும், அந்த வரிகளை முதன்முதலாகப் பார்ப்பவர் அவர். அவர் அப்போது கேட்கப்போகும் கேள்வியை, கல்லில் வெட்டுமுன், ஓலையாக இருக்கும்போதே கேட்டுவிடுவதுதான் ஒப்பிடுபவரின் வேலை.